முறுக்கு தின்ற டீச்சர்

எங்கள் மகளுக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. வளர்ச்சித் தாமதம் என்றார் டாக்டர். பல மாதம் காத்திருந்து, தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுனிலிருந்து கடல் பாலம் தாண்டி, அக்கரையில் செபராங் ஜெயாவில் ஒரு பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் அழைத்துப் போனோம்.

நரைத்த கிராப்புத் தலை, வெறுங்கால். நாற்காலி இருந்தும் தரையில்தான் உட்காருவார். அன்று எங்களிடம் ஒன்றும் கேட்காமல், முறுக்குப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து நறுக் நறுக்கென்று தனியாகத் தின்ன ஆரம்பித்தார். மகளின் கண் முறுக்கிலேயே இருந்தது.

“டீச்சர், பாப்பாவுக்கு முறுக்குன்னா உயிர். ஒண்ணு கொடுங்களேன்,” என்றேன்.

“கேட்டது நீங்கதானே அண்ணே? அவ இன்னும் கேக்கலையே,” என்று இன்னொன்றைக் கடித்தார்.

என் மனைவிக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. அப்போது மகள் எழுந்து போய், டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வாய்ப் பக்கம் இழுத்தாள். முறுக்கு உடனே கைமாறியது.

“கேட்டுட்டா, பாத்தீங்களா!” என்று டீச்சர் கை தட்டினார்.

“ஒரு வார்த்தைகூடப் பேசலையே?” என்றேன்.

“வார்த்தை வரும்போது வரட்டும் லா. கேக்கத் தெரிஞ்சிருச்சே!”

இப்போது மகளுக்கு ஆறு வயது. இரண்டு மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மற்றதை, டீச்சர் கையால் வரைந்து கொடுத்த பட அட்டைகளைக் காட்டிச் சொல்கிறாள். நேற்று நான் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் அட்டையைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். உதட்டில் விரல் வைத்த ஒரு மனிதரின் படம். அவருக்கு என் மீசை, என் கண்ணாடி, என் வழுக்கை. டீச்சர் அதை எப்போது வரைந்தார் என்றுதான் தெரியவில்லை.