தலைவர் தொட்ட பொம்மை

இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத அந்த ரப்பர் பொம்மையை, கம்பத்துக் கல்யாண மண்டபத்து மேடையில், பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் இடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் அப்போது அந்த ஊரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அமுக்கி எப்படி உயிரை இழுத்துப் பிடிப்பது என்று பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை அனுப்பியிருந்தார்கள். ஏற்பாடு, வியாபாரிகள் சங்கத் தலைவருடையது. ஒன்றரை மணி நேரம் எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர்களை அவர் புகழ்ந்தார். ஒரே பொன்னாடை நாலு தோள் மாறியது. எனக்கு மிஞ்சியது அரை மணி.

அந்த அரை மணியில் அவரைப்போல் வேறு யாரும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டு மண்டியிட்டார். முழங்கை மடங்காமல், நடு நெஞ்சில், சீராக முப்பது அமுக்கு. பிறகு, பத்துப் பேர் வாய் வைத்த பொம்மையின் வாயைக் கைக்குட்டையால் துடைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினார். பொம்மையின் நெஞ்சு எழுந்தது. மண்டபமே கைதட்டியது. "சார் மாதிரி செய்யணும்" என்று நானும் பல்லைக் காட்டினேன்.

"ஒரு உசுருன்னா நாம பாத்துக்கிட்டு நிக்க முடியுமா சிஸ்டர்?" என்று மைக்கில் கேட்டார். பயிற்சிக்குக் கொடுத்த சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, தன் வாழைக்காய் மண்டியில் சாமி படங்களோடு மாட்டிக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில், அதே மண்டியில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த சுமைக்காரர் ஒருவரை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். தலைவர் முன்சீட்டிலிருந்து இறங்கினார், வேட்டி கசங்காமல். மானிட்டரில் கோடு நேராக ஓடியது. ஷாக் கொடுக்கும் மெஷின் எங்களிடம் இருந்தது; ஆனால் இதயத்தில் கொஞ்சமாவது துடிதுடிப்பு மிச்சமிருந்தால்தான் அதற்கு வேலை. மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தோம். போன உயிர் திரும்பவில்லை.

கூட வந்த இன்னொரு சுமைக்காரர் வராந்தாவில் நின்று அழுதார். "விழுந்ததும் நெஞ்சுல கைய வைக்கப் போனேன் சிஸ்டர். 'ஏலே, படிக்காதவன் தொடாத, ஏடாகூடமாப் போயிரும்'னு தலைவரு வெரட்டிட்டாக. சரி, அவுகளாச்சும் செய்வாகன்னு பாத்தோம். ஜீப்பு வர்ற மட்டும் அங்கனயே நின்னாக."

தலைவரிடமே கேட்டேன். என்னையும் தன் ஆள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினார். "என்ன சிஸ்டர் வெவரமில்லாமக் கேக்குறீக? அவென் எந்தத் தெருக்காரன்? மண்டியே பாத்துக்கிட்டு நிக்குது. அவென் வாயில நான் வாய வைக்கவா?"

வாய் வைக்காமல் நெஞ்சை மட்டும் அமுக்கினாலும் போதும் என்று மண்டபத்தில் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் என்று அவரைத் தள்ளிவிடவும் முடியாது; கை வேலை சுத்தமாகத் தெரிந்தவர். அதுதான் எனக்கு ஆறவில்லை. பொம்மைக்குச் சாதி கிடையாது, அதனால் அதற்கு மூச்சுக் கிடைத்தது.

அதற்குள் இறந்தவரின் மனைவி, களை எடுத்த சேற்றுக் காலோடு ஓடிவந்தார். வாசலிலேயே யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்ச அமுக்கியிருந்தாப் பொழச்சிருப்பாகளாம்ல. நெசமா தாயி?"

பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. பிழைக்க ஒரு வழி இருந்தது என்று சொல்லியிருக்கலாம். தலைவர் என்னைப் பார்த்தார். எங்கள் டாக்டரின் நண்பர் அவர்.

"இல்லம்மா. யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றேன்.

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "நீங்களாச்சும் வண்டி வச்சுக் கொண்டாந்தீகளே சாமி. ஒங்க கை நல்லா இருக்கணும்."

"ஏதோ என்னால ஆனது" என்று தலைவர் அதை வாங்கிக்கொண்டார்.

இத்தனை வருடம் கழித்து அந்த மனுஷனை உட்கார்ந்து ஏசுகிறேன். அன்றைக்கு, அந்தக் கையைக் கும்பிடாதேம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.