கால் வைத்த பறவை

ஜமால் முகம்மதுவின் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் அவர் கடைப் பக்கம் வருவதில்லை. மீதிப் பேர் வந்ததே அந்த வாய்க்காகத்தான். சிராங்கூன் சாலைக்குப் பின்னால், ஒரு மாடியில், பழைய பறவைப் படங்கள் விற்கும் கடை. இருநூறு முந்நூறு வருஷத்துப் புத்தகங்களிலிருந்து பிரித்தெடுத்த தாள்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டியவை. வண்ணம் தீட்டாமல் விட்டுப்போன தாள்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றைச் சுவா சூ காங் வட்டாரத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி உம்மு சல்மாவிடம் கொடுப்பார். அவள் தீட்டியதை, லண்டனில் என்றைக்கோ செத்துப்போன யாரோ தீட்டியது என்று கூசாமல் விற்பார்.

கல்யாணமான புதிதில் சொர்க்கப் பறவையின் படம் ஒன்று வந்தது. நீண்ட வால், அழகான கழுத்து, கால் மட்டும் இல்லை. பாவம், வரைந்தவன் மறந்துவிட்டான் போல என்று சல்மா நினைத்தாள். இரண்டு கால் வரைந்து, விரலுக்கு விரல் நகமும் வைத்து, பெருமையோடு நீட்டினாள்.

அது மறதியல்ல. அந்தக் காலத்தில் வேட்டைக்காரர்கள் காலை வெட்டிவிட்டுத் தோலை மட்டும் கப்பலேற்றினார்கள். அதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள், இந்தப் பறவைக்குக் காலே கிடையாது, சாகும்வரை பறந்துகொண்டே இருக்கும் என்று நம்பினார்கள். அந்தத் தப்புக்குத்தான் விலை.

ஜமால் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். படத்துக்குச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார்.

"என் வீட்டுக்காரம்மா கைவேலை லா. கால் வச்சா, மதிப்பு போச்சு!"

வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். பக்கத்துத் துணிக்கடை முகம்மது யூசுப், கேட்ட கதையையே திரும்பக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். சல்மா கடைக்கு வந்தால் ஜமால் அவளை நிற்க வைத்துக்கொண்டே சொல்வார். "அதை மட்டும் கழட்டிடுங்க" என்று வருஷக்கணக்காகக் கேட்டாள். அதுவும் கதையில் சேர்ந்தது: "நேத்துகூட அழுதா லா." கடைசியில் கேட்பதையும் விட்டாள், கடைக்குப் போவதையும் விட்டாள்.

பிறகு சர்க்கரை வந்தது. ஜமால் காலில் சின்னப் புண். அவர் சட்டை செய்யவில்லை. அழுகிப்போய், முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கடையை மூடியாயிற்று. படங்கள் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்தன. சல்மா ஒரு பெட்டியை மட்டும் பிரித்தாள். அவர் கட்டிலுக்கு நேர் எதிரே ஆணி அடித்து, கால் வைத்த பறவையை மாட்டினாள்.

"தொழுவுற ரூம்ல உருவப் படமா? கழட்டு."

"நான் ஹால்ல தொழுதுக்கறேன்."

நலம் விசாரிக்க வந்த யூசுப், படத்தையும் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிரிங்க யூசுப் நானா," என்றாள் சல்மா. "உங்களுக்குப் பிடிச்ச கதைதானே."

அவர் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் ஜமால் குரலை இறக்கிப் பேசினார். அவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே சல்மாவுக்குத் தெரியாது.

"செயற்கைக் கால் வச்சா நடக்கலாம்னு டாக்டர் சொன்னார். ஒரு அப்பாயின்ட்மென்ட் எடுத்துக் குடேன், சல்மா."

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பரிதாபம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை.

"கால் வச்சா மதிப்பு போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள்.