கரிக்குழிச் சுவரில் பூத்த உப்பு

1. என் கண்டுபிடிப்பு

பொட்டாசியம் குளோரேட்டை நான் கண்டுபிடித்தது புரட்டாசி மாதம் ஒரு திங்கட்கிழமை. அது ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது.

இருபத்திரண்டு வருஷமாக ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் எக்ஸ்.ஆர்.டி. கருவியைப் பார்த்துக்கொள்கிறேன். கல்லைப் பொடித்து உள்ளே வைத்தால், எக்ஸ்ரே அதில் பட்டுச் சிதறி, காகிதத்தில் வரிசையாக முனைகள் விழும். பீக் என்போம். எந்தக் கனிமத்துக்கு எந்த பீக் என்று பட்டியல் இருக்கிறது. பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. கருவி சொல்வதை என் குரலில் சொல்லிச் சொல்லி, சொல்வது நான்தான் என்று மாணவர்கள் நம்பத் தொடங்கினார்கள். பிறகு நானும் நம்பிவிட்டேன்.

கயத்தாறுக்கு மேற்கே கிராஃபைட் எடுத்துக் கைவிட்ட பழைய சுரங்கம் ஒன்று உண்டு. ஊர்க்காரர்களுக்குக் கரிக்குழி. அங்கே சுவரில் பூக்கும் உப்புகளைப் பற்றித்தான் முத்துமாரியின் ஆராய்ச்சி. குளத்தூர்க்காரர், உப்பளக் குடும்பம். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்துவிட்டு, முப்பத்தாறு வயதில் பிஎச்.டி.க்கு வந்தவர். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. டிசம்பரோடு அவகாசம் முடிகிறது.

மாதிரி எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, நீலமும் பச்சையும் கலந்த மயிர் போன்ற ஒரு பூப்பு. அதுவரை நாங்கள் பார்க்காத நிறம். எங்கள் தொழிலில் எதையும் நக்கிப் பார்ப்பது வழக்கம். ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்தேன். படிகாரம் போல நாக்கைச் சுருட்டியது. மேலே விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: “அண்ணாச்சி, அத ஆடே நக்காது.”

அந்தப் பூப்பைச் சுரண்டி ஆறு காலித் தீப்பெட்டிகளில் அடைத்துக்கொண்டேன். கோவில்பட்டிக்காரனுக்குச் சின்னப் பொருள் எதுவானாலும் தீப்பெட்டிதான். மூக்குத்தித் திருகாணி, பால்பல், விதை, எல்லாம் அதில்தான். வந்த அன்றே ஒரு பெட்டியை எக்ஸ்.ஆர்.டி.யில் ஓட்டினேன். பீக் குழப்பமாக வந்தது. பத்து நாள் கழித்து, எந்தெந்தத் தனிமம் இருக்கிறது என்று காட்டும் இன்னொரு கருவியில் வேறொரு பெட்டியை வைத்தேன். மெக்னீசியம், வனேடியம், கந்தகம், இவற்றோடு பொட்டாசியமும் குளோரினும். அப்படியொரு சல்ஃபேட் உலகத்திலேயே கிடையாது. திங்கட்கிழமை துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தேன். கனிமத்துக்கு அதைக் கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைக்கக் கூடாது என்று விதி இருப்பதையும் தேடித் தெரிந்துகொண்டிருந்தேன். ஏன் தேடினேன் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் துறைத்தலைவர் என் அறைக்கு வந்தார். மாதிரி வைத்த பெட்டியைக் கேட்டு வாங்கினார். மேசையில் தட்டினார். மூலையிலிருந்து செம்பழுப்பாக நாலைந்து துணுக்குகள் விழுந்தன. தீக்குச்சித் தலையிலிருந்து உதிர்ந்த மருந்து; அதில் பாதி பொட்டாசியம் குளோரேட்.

“பொட்டாசியம் குளோரேட்டுக்கு முந்தியே பேரு வச்சிட்டாவ ஓய்,” என்றார்.

2. ஐந்து பீக்

இரண்டு வாரம் கல்லூரியில் எனக்கு யாராவது பீடி பற்றவைக்க நெருப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு எத்தனை நாளும் இருந்தது. முத்துமாரியிடம் அத்தனை நாள் இல்லை. அந்த நீலப் பூப்பு பற்றிய அத்தியாயத்தை விட்டுவிட்டு, தெரிந்த உப்புகளை வைத்தே தீசிஸை முடித்துக்கொள்ளும்படி துறைத்தலைவர் சொன்னார். கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது.

முத்துமாரி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. என் பழைய ஓட்டங்களின் மூலப் பதிவுகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். தீக்குச்சி மருந்தின் பீக் எவை என்று ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்தார். தெரிந்த உப்புகளுடையதை அடித்தார். மூன்று நாள் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஐந்து மிஞ்சின. எந்தப் பட்டியலிலும் அவற்றுக்குச் சொந்தக்காரர் இல்லை.

அதோடு விடவில்லை. மிச்சமிருந்த பெட்டிகளில் ஒன்றை மறுபடி ஓட்டச் சொன்னார். ஐந்தில் ஒன்றுகூட வரவில்லை. நீலப் பூப்பு வெள்ளைப் பொடியாகிவிட்டிருந்தது.

“குழிக்குள்ள ஈரக்காத்துல இருந்தது. அட்டைப் பெட்டி அதோட தண்ணிய உறிஞ்சிட்டு. ஒங்க பெட்டிக்குள்ள வச்சே அது செத்துப்போச்சு அண்ணாச்சி,” என்றார்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை. டாக்டர் காரணம் சொல்வது போலச் சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது.

புதுக் கனிமம் என்று நிரூபிக்கப் பொடி போதாது. முழுசாக ஒரு படிகம் வேண்டும், தலைமயிர்க் கனம் இருந்தாலும் போதும். ஐப்பசி மழை விழுந்தால் குழி நிறைந்து சுவரிலுள்ள உப்பு கரைந்துவிடும். மறுபடி வற்றிப் பூக்க மாசியாகும். அப்போது முத்துமாரி ஆராய்ச்சி மாணவராகவே இருக்கமாட்டார்.

3. முதலில் தண்ணீர்

துறை வண்டி கிடைக்கவில்லை. ஐப்பசி முதல் வாரம் அவர் ஸ்கூட்டரிலும் நான் என் பைக்கிலும் போனோம். தெற்கே மழைக் கருக்கல் கட்டியிருந்தது. குழியில் இறங்கியதும் நான் சுவரைப் பார்த்து ஓடினேன். அவர் குனிந்து, தரையில் தேங்கிய தண்ணீரை ஒரு சின்னக் குப்பியில் மொண்டார். வடிகட்டினார். மறுபடி மொண்டார். மேலே இடி கேட்டது.

“மொதல்ல உப்ப எடும்மா, தண்ணி எங்கயும் போயிராது,” என்றேன்.

“இந்தத் தண்ணி இல்லைன்னா உப்பு போயிரும். எங்க ஊர்ல உப்ப வாருததுக்கு முந்தி பாத்தித் தண்ணியத்தான் பாப்பாவ. நீங்க வெளக்கப் பிடிங்க, போதும்.”

பிடித்தேன். பூப்பைச் சுரண்டவில்லை அவர். அது ஒட்டியிருந்த கல்லோடு உளியால் பெயர்த்து, வாயகன்ற கண்ணாடிச் சாடிக்குள் நூலில் தொங்கவிட்டார். அடியில் திறந்த குப்பியில் குழித் தண்ணீர். மூடியை இறுக்கினார். குழியின் காற்று என்ன ஈரமோ அதே ஈரம் சாடிக்குள்ளும் இருக்கும். இவ்வளவுதான் விஷயம். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு இது தோன்றியதில்லை.

மேலே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கரிசலைப் பற்றி இந்தப் பக்கத்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரை பர்லாங்கில் இரண்டு வண்டிகளின் சக்கரமும் மண்ணைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டன. நான் மட்கார்டுக்குள் குச்சி விட்டுக் குடைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் முத்துமாரி ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டுவிட்டு, செருப்பையும் கழற்றி எறிந்துவிட்டு நடந்துகொண்டிருக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் காலில் ஒரு கிலோ மண். இடுப்பில் சாடி மட்டும் தண்ணீர்க் குடம் போல ஆடாமல் இருந்தது. நெடுஞ்சாலைக்கு மூன்று கிலோமீட்டர். குப்பி சாய்ந்து ஒரு சொட்டு கல்லில் பட்டிருந்தால் பூப்பு கரைந்திருக்கும். படவில்லை. நான் பின்னால் இரண்டு முறை விழுந்தேன். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

4. பகல் ரயில்

ஒற்றைப் படிகத்தை வைத்துப் பார்க்கிற கருவி சென்னையில் ஓர் ஆய்வகத்தில் இருந்தது. ஏ.சி. ஈரத்தை எடுத்துவிடும் என்பதால் ஏ.சி. இல்லாத பெட்டியில் போனோம். சாடியை இருவரும் முறை வைத்து மடியில் வைத்துக்கொண்டோம். என் முறை வரும்போதெல்லாம் அவர் தூங்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்தில் முதல் படிகம் வெளியே எடுத்த ஐந்தாவது நிமிஷத்தில் வெளுத்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை முத்துமாரி அந்தக் குழித் தண்ணீரின் ஒரு துளிக்குப் பக்கத்திலேயே வைத்து நுண்ணோக்கியின் கீழே தேர்ந்தெடுத்து, ஊசி முனையில் எண்ணெய் தொட்டு ஒட்டவைத்து, ஈரம் போகாதபடி குளிர்ந்த நைட்ரஜன் வீசும் இடத்தில் நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். கருவி ஒரு நாள் முழுக்க ஓடியது. மெக்னீசியம், வனேடியம், சல்ஃபேட், அவற்றைச் சுற்றி எத்தனை தண்ணீர் மூலக்கூறு, எந்தெந்த இடத்தில் என்பது வரை வந்தது. பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. அவர் தீசிஸை டிசம்பர் கடைசி வாரம் கொடுத்தார். அதில் அந்தக் கனிமத்துக்குப் பெயர் இல்லை.

5. ஓட்டெடுப்பு

புதுக் கனிமம் என்று நாமே சொல்லிக்கொள்ள முடியாது. பல நாட்டவர் இருக்கிற ஒரு குழு விவரங்களைப் படித்து ஓட்டுப் போட வேண்டும். நிறம், கடினத்தன்மை, பீக், படிக அமைப்பு, கிடைத்த இடம், வைக்க நினைத்த பெயர், எல்லாவற்றையும் முத்துமாரி எழுதி அனுப்பினார். குழுவில் ஒருவர் கேட்டார், தண்ணீர் எண்ணிக்கை சரியென்று எப்படி நம்புவது என்று. என் தீப்பெட்டியில் உலர்ந்த பூப்பிலும் முத்துமாரியின் சாடியிலும் கிடைத்த கணக்கைப் பக்கம் பக்கமாக வைத்து அவர் பதில் எழுதினார். பல மாதம் சத்தமில்லை.

ஏற்றுக்கொண்டார்கள் என்ற மின்னஞ்சல் வந்த நாளில் அவர் குளத்தூரில் இருந்தார். நான் போன் போட்டேன். கரிக்குழியின் பெயரிலேயே ஒரு கனிமம் இனி உலகப் பட்டியலில் இருக்கும் என்று சொன்னேன்.

புதிதாக ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் என்னிடம் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்: கருவி உங்கள் கல்லைப் பற்றிச் சொல்வதில்லை, நீங்கள் உள்ளே வைத்ததைப் பற்றிச் சொல்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலை. அந்த வேலையை எனக்குக் காட்டியவர் போனில் அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

“சரி அண்ணாச்சி, சந்தோஷம்,” என்றார். “மிச்சக் கல்லு ஒங்க அலமாரியிலதானே இருக்கு? மூடி இறுக்கமா இருக்கான்னு பாருங்க.”

போனை வைக்காமலே போய்ப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே நீலம் அப்படியே இருந்தது.