கருணாகரன் நக்கிப் பார்த்த சுவர்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது நடந்தது. கருணாகரனே வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துச் சொன்னது. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்பவர்கள் எண்ணூர் உச்சி வெயிலைப் பார்த்ததில்லை.

1953, சித்திரை மாதம். கழிமுகத்தை ஒட்டி நூறு வருஷத்துச் செங்கல் உப்புக் கிடங்கு ஒன்று இருந்தது. பழைய சின்னமாக அதைக் காப்பாற்றப் போவதாகச் சர்க்கார் பலகை நட்டது. "பன்னண்டரைக்கு நான் வர்றதுக்குள்ள வடக்குச் சுவரைச் சரிபண்ணி வை. நல்லா இருந்தா நீதான் மேஸ்திரி" என்று கொத்தனார் கருணாகரனிடம் சொல்லிவிட்டுப் போனார் இன்ஜினியர் கிருஷ்ணப்பன். அது கிடைக்காவிட்டால் கருணாகரனுக்கு மறுபடி துறைமுகத்தில் மூட்டைதான். முதுகு ஏற்கெனவே போயிருந்தது. இன்னொரு வருஷம் தாங்காது.

சுண்ணாம்பு வேலையில் அவன் நாக்குக்குத் தனி மரியாதை. பழைய பூச்சை ஒரு சிட்டிகை நக்கினால் போதும். கடுக்காய் எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, கடல் மணலா ஆற்று மணலா, எல்லாம் சொல்லிவிடுவான். அதே மாதிரி கலவை குழைத்துப் பூசுவான்.

பகல் 11.40. வடக்குச் சுவரில் விரல் கனத்துக்குப் பூச்சு. மஞ்சளாக, ஈரமாக. சித்திரையில் ஈரம்! கரண்டியை வைத்ததும் பழைய எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி வழிந்து வந்தது. சளக்... சளக்... அழுகின மீனே தேவலை என்கிற நாற்றம்.

"இன்னா மாமு, இவ்ளோ கலீஜா கீது!" கலவை குழைக்கும் உசேன் மூக்கைப் பொத்தினான்.

"உப்புக் காத்து பட்டதுப்பா. கம்னு இரு."

வழித்து வழித்துப் போட்டதில் பாண்டுச் சட்டி நிறைந்தது. பூச்சுக்குள் முடி தெரிந்தது. நார் கலந்திருப்பார்கள் என்று இழுத்தான். முழ நீளம் வந்தது. தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது.

உசேன் வெளியே ஓடி வாந்தி எடுத்தான். திரும்பி வரவில்லை.

12.05. இன்ஜினியர் வர இன்னும் இருபத்தைந்து நிமிஷம். கலவை தெரிந்தாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் வழித்து நாக்கில் வைத்தான்.

துவர்ப்பு இல்லை. வெதுவெதுப்பு.

கொழுப்பு...

பல்லில் ஏதோ கடிபட்டது. நறுக்.

துப்பினான். பாதி உள்ளே இறங்கிவிட்டது. உள்ளங்கையில் ஒரு நகம். குழந்தை நகம்.

சுவருக்குள் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

மளக்...

12.30. இன்ஜினியர் வரும்போது கருணாகரன் வாசலில் உட்கார்ந்து உப்புத் தண்ணீரில் வாய் கழுவிக்கொண்டிருந்தான். அவர் உள்ளே போய் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"பலே! செங்கல் ஒவ்வொண்ணும் பளிச்சுனு இருக்கு. நாளையிலிருந்து நீதான் மேஸ்திரி. மத்த சுவரையும் இப்படியே கழுவிடு."

"இன்னும் பூச்சு பூசலியே சார்..."

"எந்தப் பூச்சு? கட்டின நாள்லேர்ந்து இங்க பூச்சே கிடையாது. வெறும் செங்கல்லயே நிக்குதுன்னுதானே சர்க்கார் இதைக் காப்பாத்துது!"

கருணாகரன் ஓடிப்போய்ப் பாண்டைப் பார்த்தான். ஒரு பொட்டுகூட இல்லை.

மறுநாள் காலை துறைமுகத்தில் மூட்டைக்கு நின்றான். முதுகு போனால் போகட்டும் என்றான். வழித்ததெல்லாம் மாயமாகப் போய்விட்டது, விழுங்கியது மட்டும் வயிற்றிலேயே இருக்கிறது என்கிறான்.