இரண்டு மணி மாத்திரை

அக்காவின் வயிற்றுப் புற்றுநோய்க்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். குளிரூட்டிய அந்த அறையில் அவளிடம் ஒருவரும் நேராகப் பேசவில்லை. எல்லாரும் என்னிடமே பேசினர். அங்கிருந்து கொண்டுபோன திண்டுக்கல் அரசு மருத்துவமனையின் வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவிலோ வரிசையாகக் கட்டில்கள், ஓயாத பேச்சொலி. செவிலியர் ஒருவர் அவள் கட்டிலிலேயே அமர்ந்து, எங்கே வலிக்கிறது என்று அவளைக் கேட்டார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் என்னும் வலிநீக்கி மாத்திரை. மூன்றாம் நாள் அக்கா சிரித்தாள்.

"ஏலே தம்பி, இம்புட்டு நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தாய்ங்க?"

வீட்டுக்கு அனுப்புகையில் செவிலியர் என்னிடம் அழுத்திச் சொன்னார்: "வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க சார். வலி இல்லாட்டியும் மணிக்குக் குடுத்துரணும்."

தாடிக்கொம்பு வீட்டில் ஆறு, பத்து, இரண்டு என்று நானே கொடுத்துவந்தேன். விழுங்கியபின் அவள் சற்றுக் கண்ணயர்வாள். பெங்களூரில் வேலைபார்க்கும் அவள் மகள் ஒருநாள் மாலை நான்கு மணிக்கு வருவதாக இருந்தது. தாய் தெளிவாக இருந்து மகளிடம் நாலு வார்த்தை பேசட்டும் என்று எண்ணினேன். இரண்டு மணி மாத்திரையைக் கொடுக்கவில்லை.

மூன்றரைக்கு அவள் முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டாள். பதறிப்போய்க் கொடுத்தேன். அது வேலைசெய்யுமுன் மகள் வந்துவிட்டாள். அக்கா அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தலையணை உறையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வலி அடங்கியது.

"ரெண்டு மணிக்குக் குடுக்கலையா மாமா?"

"மறந்துட்டேன்மா."

அக்கா சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "முப்பது வருசம் பள்ளிக்கூட மணிக்கு நடந்தவன். அவனா மறப்பான்?" குரலில் சினம் இல்லை. பிறகு மகளிடம், "இனிமே நீ குடு பாப்பா" என்றாள்.

எஞ்சிய பதினொரு நாளும் மகளே கொடுத்தாள். நான் தண்ணீர்க் குவளையை ஏந்தி நிற்பேன். "மணி சரியா பாத்தியா?" என்று அக்கா அவளைக் கேட்பாள், விடை வந்த பிறகே வாய் திறப்பாள். ஏன் கொடுக்கவில்லை என்று என்னை அவள் ஒருபோதும் கேட்கவில்லை.

பகல் இரண்டு மணிக்கு இன்றும் அந்த வெறுங்கட்டிலருகே போகிறேன். காரணத்தைச் சொல்லிவிடத்தான் போகிறேன். அங்கே நின்றதும் அது எனக்கே போதாததாகப் படுகிறது.