மாயா ஊரில் ஒரு மெழுகுதிரி

கனடாவுக்குப் போனது, பாரிஸுக்குப் போனது எல்லாம் என் ஃபோனில் ஆயிரக்கணக்கான படங்களாகக் கிடக்கின்றன. மெக்சிக்கோவின் தெற்கு மலையில் மாயா மக்களின் ஊர்க் கோயிலுக்குப் போன நாளுக்கு மட்டும் ஒரு படமும் இல்லை. ஆனால் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு அடுப்படி யன்னலோரம் தேத்தண்ணீரோடு நிற்கும்போது அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த நாள்தான். என் கணவருக்கு இப்போது முழங்கால் நோ. இனி அந்த மலைக்குப் போக முடியாது என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் டிக்கெட் போட்டுத் தந்தாள். வழிகாட்டி எங்கள் வயதுக்காரர், அந்த ஊரிலேயே பிறந்தவர். கோயில் முற்றத்தில் எங்களை நிறுத்தி ஆங்கிலத்தில் சட்டம் சொன்னார். உள்ளே படம் எடுக்கக்கூடாது. தொப்பி போடக்கூடாது. கும்பிடுகிறவர்களுக்கும் அவர்களுடைய மெழுகுதிரிகளுக்கும் நடுவால் நடக்கக்கூடாது. நான் வகுப்பில் முதல் வாங்குப் பிள்ளை மாதிரித் தலையாட்டினேன். அவர் சொல்லாததையும் செய்தேன், செருப்பைக் கழற்றினேன். என் கணவரும் சப்பாத்தைக் கழற்றினார். இங்கே யாரும் கழற்றுவதில்லை என்று வழிகாட்டி சிரித்தார். கோயிலுக்குள் சப்பாத்தோடு போக எங்களுக்கு மனம் வரவில்லை.

உள்ளே கதிரையோ வாங்கோ இல்லை. நிலமெல்லாம் பச்சைப் பைன் இலை. பாதத்தில் குத்தக் குத்த நடந்தோம். கத்தோலிக்கப் புனிதர்களின் சிலைகளுக்கு முன்னே குடும்பம் குடும்பமாகத் தரையில் இருந்து, மெழுகுதிரிகளை வரிசையாக நட்டு, தங்கள் மொழியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூதாட்டி, நோயாளிப் பெண்ணின் தலையைச் சுற்றி முட்டையால் தடவினாள்.

“எங்கட நாவூறு கழிக்கிற மாதிரியெல்லோ,” என்றார் இவர் என் காதுக்குள். கொஞ்ச நேரம் கழித்து, “நாங்களும் ஒரு திரி கொளுத்துவமே?” என்று கேட்டார்.

நான் திகைத்துப் போனேன். இலங்கையில் போரின் கடைசி நாட்களில் இவருடைய தம்பி ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டுப் போனான். பிறகு ஒரு தகவலும் இல்லை. அன்றைக்குக் கும்பிடுவதை விட்டவர் இவர். ஊரிலிருக்கும் மாமி, இவருடைய அம்மா, இன்னும் அவனுடைய படத்துக்குப் பூ வைக்க யாரையும் விடமாட்டார். அவனுக்காக ஒரு விளக்கும் எங்கள் வீட்டில் ஏற்றியதில்லை.

முற்றத்துக்கு வந்தோம். மெழுகுதிரி விற்ற பெண் ஏதோ கேட்டாள். யாருக்காக என்று கேட்கிறாள், உயிரோடிருப்பவருக்கு ஒரு நிறம், இறந்தவருக்கு ஒரு நிறம் கொடுப்பாள் என்றார் வழிகாட்டி. இவர் திரிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் காத்திருந்தாள். எனக்குப் பொறுமை பிறவியிலேயே இல்லை.

“செத்தவருக்கு,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

அவள் ஒரு திரியை எடுத்துக் கொடுத்தாள். இவர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார், கொளுத்தவில்லை. முட்டையால் தடவிய மூதாட்டிக்கு முன்னே குனிந்து இரண்டு கையாலும் கொடுத்தார். அவள் வாங்கித் தன் வரிசையில் நட்டுக்கொண்டாள். இவர் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து சப்பாத்தைப் போட்டார்.

திரும்பும் வேனில்தான் பேசினார். “எனக்கே சொல்லேலாததை நீர் எப்பிடிச் சொல்லுவீர்?”

ஆரோ எவரோ கட்டிய கோயிலில் கால் வைக்க அவ்வளவு பார்த்தேன். பக்கத்தில் நின்ற மனிதரைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதை அங்கே சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வாய்க்காரி என்று ஊரெல்லாம் பெயரெடுத்தவள் நான்.

லண்டனுக்குத் திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு வெளிக்கிடும்போது சொன்னேன். “அண்டைக்கு நான் சொன்னது பிழை. என்னோட வாங்கோ.” இவர் வந்தார். அர்ச்சனைத் தட்டையும் தானே தூக்கினார்.

ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். இவருடையதைச் சொன்னேன், மகளுடையதைச் சொன்னேன். பிறகு தம்பியின் பெயரையும் சொன்னேன். அர்ச்சனை உயிரோடிருப்பவர்களுக்குத்தான் செய்வது.

“நட்சத்திரம்?”

“பூரட்டாதி,” என்றேன்.

“இல்லை ஐயா,” என்றார் இவர், தட்டை நீட்டியபடி. “தம்பி உத்தரட்டாதி.”