வளைந்து தெரிந்த வரி

விநாயக் ஆண்டர்சன்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்பவர். வீடியோவில் பேசுகிறவரின் பெயர் திரையின் அடியில் நகர்ந்து வந்து நிற்குமே, அந்த எழுத்துப் பெட்டிகளைச் செய்வதுதான் அவர் தொழில்.

அன்று ஒரு பெயர் வளைந்து தெரிந்தது. அலைன்மென்ட்டை மாற்றிப் பார்த்தார். வளைவு பூஜ்யம் என்றே மென்பொருள் காட்டியது. பெட்டியை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அதுவும் வளைந்தது. எரிச்சலோடு மனைவி ஷில்பாவைக் கூப்பிட்டார்.

"இந்த வரி இன்னா இப்பிடி வளஞ்சி கீது, பாரு."

"எங்க வளஞ்சி கீது? நேராத்தானே கீதுங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்தார். ஆனால் அவள் சிரிக்கவில்லை. சந்தேகம் வந்து வலது கண்ணைப் பொத்தினார். வரி நேராக நின்றது. இடது கண்ணைப் பொத்தியதும் மறுபடி வளைந்தது. ஜன்னல் கம்பியும் வளைந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது என்றார் கண் டாக்டர். ஊசி போட்ட பிறகு வளைவு குறைந்தது, முழுதாகப் போகவில்லை. விநாயக் வேலையை விடவில்லை. ஷில்பா பார்த்துச் சொல்லாமல் எதையும் அனுப்புவதுமில்லை. "நேரா கீதா?" என்று அவளைக் கேட்டுவிட்டு, திரையை விட்டு அவள் முகத்தையே பார்க்கிறார்.